கவா: வேர் ஒன்று, சட்டம் பல

மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவான ஒரு செடி பசிபிக் தீவுகளில் விளைகிறது. கவா என்று பெயர். அதன் வேரை இடித்து, தண்ணீரில் பிசைந்து, வடிகட்டிக் குடிப்பது பிஜி, டோங்கா, வனுவாட்டு மக்களின் நெடுநாள் வழக்கம். பிஜியில் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையும் அதுதான். 1903 முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையில் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியாரும் இதற்குப் பழகிவிட்டனர். குடித்தால் உடல் தளரும்; மனம் அமைதியாகும்.

இதே வேரின் சத்து அமெரிக்காவில் மாத்திரையாக விற்கப்படுகிறது. அங்கே அது மருந்து அல்ல, 'துணை உணவு'. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய சரக்கை விற்க அரசின் முன் அனுமதி வேண்டியதில்லை. ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை அரசின் தலையில்! நோய் தீரும் என்று சீட்டில் எழுதக்கூடாது. மன அமைதிக்கு உதவும் என்று எழுதலாம். வாங்குகிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பார். எட்டிக்காயும் மரத்தில் காய்ப்பதுதான்.

2002 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கவா சேர்ந்த சரக்குகளால் கல்லீரல் கெட்டதாகப் பிற நாடுகளிலிருந்து 25க்கு மேற்பட்ட தகவல்கள் வந்திருந்தன. எச்சரிக்கையோடு சரி, விற்பனை நிற்கவில்லை. ஜெர்மனி அவ்வாண்டே கவா மருந்துகளின் உரிமத்தை ரத்து செய்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பிரிட்டன் 2003 ஜனவரியில் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவோ 2021 டிசம்பரில் வியாபார இறக்குமதிக்கே கதவைத் திறந்தது. இடையில் அடிபட்டவர்கள் ஏற்றுமதியை நம்பியிருந்த தீவு விவசாயிகள்.

தீவுக்காரர் தண்ணீரில் கரைக்கிறார். மாத்திரைக் கம்பெனிகள் பல, சாராயத்திலும் அசிட்டோனிலும் சத்தை இறக்கின. கெடுதல் இதனால்தானா என்பதில் விஞ்ஞானிகள் ஒருமனதாக இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பது வெளிப்படை. பெயரை மட்டும் பார்த்து மொத்தமாகத் தடுப்பதும் தவறு, மொத்தமாக விட்டுவிடுவதும் தவறு. வேரா, தண்டா, எதில் இறக்கியது, ஒரு மாத்திரையில் எவ்வளவு என்பதைப் புட்டியின் மேல் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ உள்ளவர் தொடக்கூடாது என்ற வரியும் அங்கேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும்.