ஊரும் அளவும் இல்லாத யோசனை

ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிச் செடியின் நுனி சுருண்டு, கொழுந்தெல்லாம் கொத்தாகக் கட்டிக்கொண்டு நின்றால், இன்றைய விவசாயி முதலில் எடுப்பது செல்போனைத்தான். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்ன நோய், என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து குவிகின்றன. ஒருவர் தாராபுரத்துக்காரர், இன்னொருவர் பெரம்பலூர், மூன்றாமவருக்கு எந்த ஊர் என்றே தெரியாது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. யாரும் காசு கேட்பதும் இல்லை.

மாடித்தோட்டத்தில் தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறதா, நாட்டுக்கோழி அடையில் உட்கார மறுக்கிறதா, சேலம் மூக்கனேரியில் பார்த்த கொக்கு எந்த இனம் என்று தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முகம் தெரியாத யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். இந்தத் தாராள மனசு பெரிய சொத்து. சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் மொழி தெரியாத வடமாநிலங்களில் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டது, போகிற இடமெல்லாம் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான். 2007இல் தொடங்கிய 'பசுமை விகடன்' விவசாயிகளின் அனுபவத்தோடு அவர்களுடைய தொலைபேசி எண்ணையும் அச்சிட்டது. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே, பத்திரிகையில் பெயர் பார்த்த ஒருவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது.

ஆனால் அந்தச் சுருண்ட கொழுந்தின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மரவள்ளி மாவுப்பூச்சியின் வேலை. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மரவள்ளியை நாசம் செய்தது. இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2020இல், கேரளத்தின் திருச்சூரில். அங்கிருந்து சேலம், நாமக்கல் வயல்களுக்கு வர அதற்கு அதிக காலம் ஆகவில்லை. காற்றில் பரவும், நடவுக்கு வாங்கும் குச்சியிலும் ஒட்டிக்கொண்டு வரும். உடம்பின் மேல் மெழுகு மாதிரி மாவு படிந்திருப்பதால் தெளிக்கிற மருந்து எளிதில் உள்ளே இறங்காது.

குழுக்களில் வந்த பதில்களோ பெரும்பாலும் மருந்துப் பெயர்கள். ஒன்றுக்குக் கேட்காவிட்டால் இன்னொன்று, இரண்டையும் கலந்து மூன்றாவது. உண்மையான தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது ஒரு குட்டிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் அந்த ஒட்டுண்ணியைக் கொண்டு நடத்திய பணிக்காகத்தான் ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியல் அறிஞருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, வளர்த்துப் பெருக்கி, 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் வெளியில் விட்டது. குளவி விட்ட காட்டில் யாரோ சொன்ன மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவிதான். நல்ல மனசோடு சொன்ன யோசனைகூட அங்கே பூச்சிக்குச் சாதகமாகிவிடும்.

கைமாறும் செய்தியால் இன்னொரு அடி 2020 பிப்ரவரி, மார்ச்சில் விழுந்தது. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. யார் சொன்னார், எங்கே நடந்தது, எந்த மருத்துவர் பார்த்தார், ஒன்றும் அதில் கிடையாது. அரசு மறுத்தும் பயம் அடங்கவில்லை. நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் விலை சரிந்து, பண்ணைகளில் முட்டை தேங்கி நின்றது. அந்தச் செய்தியை அனுப்பிய பலர், வேண்டியவர்களை எச்சரிப்பதாக நினைத்துத்தான் அனுப்பினார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் கொண்டுவந்தது அந்த ஏப்ரலில். அதற்குள் பண்ணைக்காரர்கள் விலை கொடுத்து முடித்திருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர் சொல்வதைக் கேட்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொண்டால் அது பெரிய தவறு. கறவை மாட்டின் மடிநோய்க்குக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து பரப்பிய மூலிகை முறையைப் பாருங்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு நாளில் பலமுறை பூச வேண்டும். இன்று தேசிய பால்வள வாரியமும் இந்த முறையை ஊக்குவிக்கிறது. கைமாறிப் போனாலும் அது கெடாமல் நிற்பதற்குக் காரணம், கூடவே போகிற அந்தக் கிராம் கணக்கு. "கொஞ்சம் கற்றாழை, கொஞ்சம் சுண்ணாம்பு" என்று சுருக்கிச் சொன்னால் சுண்ணாம்பு கூடி, வீங்கிய மடி வெந்துபோகும்.

பொழுதுபோக்குக்காகப் பறவை பார்ப்பவர்கள் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் இ-பேர்ட் தளத்தில் பறவையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எத்தனை பறவை என்று கேட்கும். அந்த ஊரில் அபூர்வமான பறவை என்றால், அனுபவமுள்ள ஒருவர் ஆதாரம் கேட்டு எழுதுவார். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. ஒரு பறவையின் பெயருக்கு இத்தனை கவனம் என்றால், ஒரு குடும்பத்தின் வருமானமான மாட்டுக்கும் காட்டுக்கும் எவ்வளவு வேண்டும்!

அதனால் யோசனை சொல்பவர் ஊர், மண், அளவு, அடித்த நாள் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லட்டும். கேட்டவருக்கும் ஒரு கடமை உண்டு, அதுதான் இப்போது அறவே நடப்பதில்லை. நோய் தீர்ந்ததா, செடி பிழைத்ததா என்று அவர் திரும்பி வந்து சொல்ல வேண்டும். பிழைக்கவில்லை என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு குணமாக்க மருந்தே கிடையாது, முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. இருந்தும் வெங்காயமும் மஞ்சளும் கொடுத்துக் காப்பாற்றியதாகக் குறிப்புகள் சுற்றுகின்றன. கொடுத்தும் கோழிகளைப் பறிகொடுத்தவர்கள் வாய் திறக்காததால், பிழைத்த ஒன்றிரண்டு கோழிகளின் கதை மட்டுமே அடுத்தவர் காதுக்குப் போகிறது.

அரசு நிறுவனங்களும் இந்தக் குழுக்களுக்குள் வர வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சேலம் மாவட்டம் சந்தியூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கென்றே நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் அன்றாடம் அரை மணி நேரம் தம் மாவட்டத்தின் பெரிய குழுக்களைப் பார்த்து, "இந்த அளவு தவறு", "இந்த மருந்து இப்போது வேண்டாம்" என்று பெயரும் பதவியும் போட்டு எழுதலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய திட்டமும் வேண்டாம். அந்த அரை மணியை அலுவலக வேலையாகவே கணக்கில் ஏற்றிக்கொள்ளும் ஓர் உத்தரவு போதும், அதை இந்தப் பருவத்திலேயே போடலாம்.