மின்னஞ்சல் எந்த வழியால் போகிறது?

வெள்ளவத்தை காலி வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவரும் கொட்டாஞ்சேனையில் இருந்து இறக்குமதி செய்பவரும் இன்று ஒரே மாதிரித்தான் ஓடர் கொடுக்கிறார்கள். விலைப்பட்டியல் மின்னஞ்சலில் வருகிறது. எல்.சி. திருத்தமும் கப்பல் பத்திரத்தின் பிரதியும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அது இரண்டு நாள் பிந்தினால் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறிவிடும். இவ்வளவு காசு தங்கியிருக்கும் மின்னஞ்சல் எந்த இணைப்பினால் போய்வருகிறது என்று கேட்டால், முதலாளிமார் பலர் கடைத் தம்பியின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கடைக் கணினிக்கு இப்போது பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரவுட்டரில் இருந்து வயரில் வரும் பைபர் இணைப்பு, மற்றது கைபேசி ஹொட்ஸ்பொட் அல்லது டொங்கல். இரண்டும் திறந்திருந்தால் எதைப் பாவிப்பது என்று கணினியே தீர்மானிக்கிறது. விண்டோஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் கொடுக்கும். எண் குறைந்ததற்கே முதலிடம். வேகம் கூடியதற்குச் சிறிய எண் கிடைப்பதால் வயர் பொதுவாக முந்திக்கொள்ளும். கோளாறு இங்கேதான். ரவுட்டர் வரை வயர் நன்றாக இருக்கும், ரவுட்டருக்கு அப்பால் லைன் செத்திருக்கும். பல வேளைகளில் கணினி அந்தச் செத்த லைனையே பிடித்துக்கொண்டு நிற்கும். கடிதம் அவுட்பொக்ஸில் கிடக்க, அனுப்பியாயிற்று என்று முதலாளி ளுஹர் தொழுகைக்குப் போய்விடுவார். வயரைக் கழற்றினால் கணினி மற்ற வழிக்கு மாறிவிடும். இதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை. ஹொட்ஸ்பொட்டை மட்டும் 'மீட்டர்ட்' என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் டேட்டாவை விழுங்கிவிடும்.

டயல்-அப் காலத்தில் இணையக் கம்பனி தந்த முகவரியையே இன்னும் பில் புத்தகத்தில் அச்சடிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. அத்தகைய சேர்வர்கள் பல, தமது லைனில் இருந்து வரும் கடிதத்தை மட்டுமே வெளியே அனுப்பும். வேறு கம்பனி லைனுக்கு மாறினால் கடிதம் வரும், ஆனால் போகாது. அனுப்பும் சேர்வருக்கும் பாஸ்வேர்ட் கொடுத்து 587ஆம் போர்ட்டில் அமைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இரண்டு இணைப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அவை யாருடையவை என்றும் பார்க்க வேண்டும். மொபிடெல் என்பது ஸ்ரீ லங்கா டெலிகொமின் துணைக் கம்பனி. எடிசலாட் 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. எயார்டெல் லங்காவை 2024இல் டயலொக் எடுத்துக்கொண்டது. டெலிகொம் பைபரும் மொபிடெல் சிம்மும் வைத்திருப்பவரிடம் இருப்பது, என் கணக்கில், ஒன்றரை இணைப்பு.

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெரும்பாலும் நின்றுபோயின. இப்போது கேபிள்கள் கூடிவிட்டன. கடைக்காரருக்குக் கூடிய தொந்தரவு மின்சாரம்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. மின்சாரம் இல்லாவிட்டால் பைபர் ரவுட்டரும் இல்லை. அதற்கென்று விற்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்குவது வீண் செலவல்ல. மின்வெட்டு நீண்டால் கோபுர பற்றரிகளும் இறங்கும்; அதனால் அவசரக் கடிதத்தை முதல் மணித்தியாலத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.

வட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். 2018 மார்ச்சில் திகனவில் நம்மவர் கடைகள் எரிந்தபோதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் அரசாங்கம் வட்ஸ்அப்பைத் தடுத்தது. அந்தத் தடைப் பட்டியலில் மின்னஞ்சல் இருக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடுமுன், முதலாளியே ஒரு தடவை வயரைக் கழற்றிவிட்டு, ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, ஒரு பெரிய பத்திரத்தை இணைத்துத் தன் சொந்த முகவரிக்கே அனுப்பிப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும்.