பெயர்ப் பட்டியலும் வட்ஸ்அப் குழுவும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போவது தலைமுறைக் கனவு. அதனால்தான் வீட்டுப் பயனாளிப் பட்டியல் மீது அத்தனை கண்கள். அதை அடையாள அட்டை இலக்கத்தோடு படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதும், வீட்டுக் கடன் கட்டாதவரின் பெயரை முகநூலில் ஏற்றுவதும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கே வினையாகும். அவதூறு 2002 முதல் இலங்கையில் குற்றவியல் குற்றமல்ல. ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட இன்றும் வழி உண்டு. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, ஒருவரின் அந்தரங்க விபரத்தை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. கடன் நிலுவை வைத்த தொழிலாளி நோயில் படுத்து மாதக்கணக்கில் மலைக்கு வேலைக்குப் போகாதவராக இருக்கலாம். பெயர் குழுவில் வந்த மறுநாள் அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகக் கூசும். அதே சட்டத்தைக் காட்டி, “பட்டியலில் எங்கள் பெயர் ஏன் இல்லை?” என்று கேட்கும் அக்காவின் வாயைச் சங்க நிர்வாகம் அடைக்கப் பார்ப்பதையும் ஏற்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பொதுக்கூட்டத்தில், கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் கூடியே வருடக்கணக்காகிவிட்ட சங்கங்கள் முதலில் அதற்கொரு திகதி குறிக்கட்டும்.