மாடி வேண்டாம், காணியோடு வீடு வேண்டும்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை அகற்றிவிட்டு எத்தகைய வீடுகளைக் கட்டுவது என்பது மலையகம் முழுவதற்குமான கேள்வி. குறைந்த நிலத்தில் பல குடும்பங்களைக் குடியேற்றும் மாடி வீடு ஒரு வழி. காணி உறுதியோடு தனி வீடு மற்றது. 2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டபோது, மாடி வீட்டு யோசனையை மலையகக் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் எதிர்த்தன. 2015இல் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடு என்பது அரச கொள்கையாயிற்று; பின்னர் அது 10 பேர்ச்சஸ் ஆனது. ஆயினும் நிலம் போதாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் மாடி வீடு திரும்பவும் தலைகாட்டுகிறது.

வசதியான நகர்ப்புறங்களில் அடுக்குமாடியை எதிர்ப்பவர்கள் தங்கள் காணியின் மதிப்பையும் அமைதியையும் காத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். தோட்டத்து மக்களிடம் காத்துக்கொள்ளக் காணியே இல்லை. நெருக்கம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் சுவர். மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை மறைத்து இன்னோர் அறை எழும்பும். இதையே தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்களிடம் அடுக்கிய லயத்தைக் காட்டி முன்னேற்றம் என்பது நியாயமல்ல.

தனி வீட்டைச் சுற்றி ஒரு வாழ்க்கை இருக்கிறது. கொழுந்துக் கூலி போதாத மாதத்தில் கைகொடுப்பது வீட்டோரத்து மரக்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும்தான். விறகு அடுக்கவும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் போடவும், பிள்ளைக்கு ஓர் அறை கூட்டிக் கட்டவும் தரை வேண்டும். மூன்றாம் மாடியில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. பராமரிப்புச் சிக்கலும் சிறியதல்ல. கொழும்பில் 2001இல் 671 வீடுகளுடன் எழுந்த சஹஸ்புர அடுக்குமாடியில் மின்தூக்கி, கழிவுநீர், பொதுச்செலவு பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்தன. தலைநகரிலேயே இப்படியென்றால், மலை உச்சித் தோட்டமொன்றில் ஒழுகும் கூரையை யார் திருத்துவது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது உரிமை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல துண்டாடப்பட்டன. அந்த ஆண்டுகளில் வேலையும் பாதுகாப்பும் இழந்த குடும்பங்கள் பல வன்னிக்குப் போயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. எந்தக் கைமாற்றத்திலும் தொழிலாளியின் பெயருக்கு ஒரு பேர்ச்சஸ்கூட எழுதப்படவில்லை. 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக எழுச்சிப் பயணம், தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோர் நடந்த வழியே ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. காணியும் வீடும் அதன் முக்கியக் கோரிக்கைகள். அதே மாதத்திலேயே, அதே மாவட்டத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில், இருக்க இடமில்லாத குடும்பமொன்று போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட நிர்வாகத்தினர் உடைத்தார்கள். பாராளுமன்றம்வரை போன அந்தச் சம்பவத்தின் வேர், நின்ற தரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை என்பதே.

நிலம் போதாது என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஓர் இலட்சம் குடும்பங்களுக்குத் தலா 10 பேர்ச்சஸ் கொடுத்தாலும் 6,250 ஏக்கர்தான். பாதைகளுக்கு இன்னும் சிறிது சேரும். இலங்கையில் தேயிலை மட்டுமே ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹெக்டேயரில், அதாவது ஐந்து இலட்சம் ஏக்கரளவில், பரந்திருக்கிறது.

மாடி வீட்டுக்காகச் சொல்லப்படுவனவற்றில் மண்சரிவுதான் கனமான வாதம். மாத்தளை மண்சரிவு அபாய மாவட்டங்களில் ஒன்று. 2014இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. ஆனால் மாடிக் கட்டடத்துக்கும் சரிவை ஆழமாக வெட்டத்தான் வேண்டும். அதன் பாரமும் கழிவுநீரும் ஒரே இடத்தில்தான் இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சோதித்து அனுமதித்த தரை எவ்வகை வீட்டுக்கும் அவசியம். அத்தகைய தரை பெரும்பாலும் நல்ல தேயிலை நிற்கும் இடம் என்பதே அதைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம்.

மாத்தளையில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் அரசின் கையில் இருக்கிறது. அதன் தோட்டங்களில் தனியார் குத்தகையைக் காரணம் காட்டவும் முடியாது. பாதுகாப்பான நிலத்தை அளந்து, 10 பேர்ச்சஸ் உறுதியைக் குடும்பத்தின் பெயரில் எழுதும் வேலையை அரசு தன் சொந்தத் தோட்டங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.