மலாயாப் பாட்டனாரின் ஊர்

அயர்லாந்திலிருந்து வறுமையினால் ஸ்கொத்லாந்திற்குக் குடிபெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரின் ஊரைத் தேடப் புகும்போது பெரிய இடர் ஒன்று குறுக்கிடுகிறது. 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரிலே டப்ளின் நகரத்து ஆவணக் களரி தீக்கிரையாயிற்று; பழைய குடிசன மதிப்பு ஏடுகள் பல அதனோடு வெந்தொழிந்தன. எனினும், ஸ்கொத்லாந்தில் 1855 முதல் எழுதப்பட்ட மரணப் பதிவுகளில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் காணப்படும். பிறந்த நாடு இழந்ததிற் சிறிதைப் புகுந்த நாடு காத்து வைத்திருக்கிறது.

இக்கதை நமக்குப் புறம்பானதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலே நம் குடாநாட்டு வாலிபர் பலர் ஆங்கிலக் கல்வியொன்றையே முதலாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். 1885இல் தைப்பிங் நகரிலிருந்து அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதை ஓடத் தொடங்கியது. அதன்பின் புகையிரதப் பகுதியிலும் அரசினர் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்த யாழ்ப்பாணத்தவர் மிகப் பலர். பென்சன் பெற்று ஊர் திரும்பிக் கல்வீடு கட்டியவர்களை நாம் அறிவோம். திரும்பாதவர்களின் வழித்தோன்றல்களே இன்று கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஒரு பழைய புகைப்படத்துடன் நம் ஊர்களுக்கு வருகின்றனர்.

அவர்களுக்கு நேரும் முதலாவது மயக்கம் பெயரினால் வருவது. வெள்ளையருக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தோறும் தொடரும். நமக்கோ தந்தையின் பெயரே தலையெழுத்து. கந்தையாவின் மகன் செல்லத்துரை, செல்லத்துரையின் மகன் இன்னொருவன். மூன்றாந் தலைமுறையிலே கந்தையா மறைந்துபோகிறார். பெண்களுக்கு விவாகத்தோடு தலையெழுத்தும் மாறிவிடும். அமெரிக்க மிஷன் பள்ளிகளிற் படித்தவர் குடும்பமாயின் மயக்கம் இரட்டிக்கும். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே ஒரு காலத்தில் சார்ள்ஸ் வின்ஸ்லோ என்ற பெயரைத் தாங்கியிருந்தார். அவருடைய மகன் அழகசுந்தரம் பிற்காலத்திற் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். பெயரை மட்டும் பார்ப்பவன் இவ்விருவரையும் தந்தையும் மகனும் என்று எவ்வாறு அறிவான்?

நம்மிடையே வழங்கும் நல்ல சான்றொன்று அந்தியேட்டிக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளிலே அச்சிட்டு வழங்கப்படும் இச்சிறு நூலில் இறந்தவரின் திதி வெண்பாவுடன் வமிச வரலாறும், உடன்பிறந்தார், சம்பந்திகள் பெயர்களும் இடம்பெறும். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படித்தல் வேண்டும். பெட்டியடியிற் கிடந்து மக்கும் இவற்றுட் பல இப்போது 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் யாவரும் காணக் கிடைக்கின்றன.

அதனினும் உறுதியானது உறுதியே. சிலேடையாகச் சொல்லவில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமைச் சட்டம் பெண்ணின் சீதனத்தைத் தனிச் சொத்தாகக் காத்தது. ஆகையால் தாய் தன் மகளுக்கு எழுதும் நன்கொடை உறுதியிலே, அக்காணி தனக்கு எந்த ஆண்டு, எந்த நொத்தாரிசு முன்னிலையில், எந்த இலக்கச் சீதன உறுதியால் வந்தது என்று கூறப்படும். அந்த இலக்கத்தைப் பிடித்தால் பாட்டி கிடைப்பாள். பாட்டியின் உறுதியைப் பிடித்தால் பூட்டி கிடைப்பாள். தலையெழுத்து மறைத்த பெண்வழியைக் காணி காட்டிக் கொடுக்கிறது. நாலெல்லைகளிற் குறிக்கப்படும் அயற்காணிக்காரரும் பெரும்பாலும் சகோதரரோ மைத்துனரோ ஆவர். ஆண்வழிப் பெருமையையே பேசுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இன்னும் மேலே செல்ல விரும்புவோர்க்கு ஒல்லாந்தர் காலத் தோம்புகள் உண்டு. அவற்றிலே சாதியும் எழுதப்பட்டிருக்கும். அதனைக் காண்பதற்காகவே தோம்பைத் தேடுவோரும் உளர். அவர்களுக்கு நான் உதவப் போவதில்லை.

நாமும் தீயைக் கண்டவர்களே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, எத்தனை வீடுகளின் உறுதிப்பெட்டிகள் பின்னே கிடந்தனவோ! ஆயினும், நொத்தாரிசு தம் மூலப்படியை வைத்துக்கொண்டு இணைப்படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் விதி. வீட்டிலிருந்த உறுதி தொலைந்தாலும் அங்கே பிரதி கேட்கலாம்.

மலாயாவிலுள்ளோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. எஸ். துரைராஜசிங்கம் அவர்கள் 1867 முதல் 1967 வரையான நூறாண்டு இலங்கையர் வரலாற்றை அங்கிருந்து தொகுத்துத் தந்தார். அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. பாட்டனாருக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் பாருங்கள். அனுப்பியவர் முகவரியிற் குறிச்சியின் பெயர் இருக்கும். சில வேளைகளில் வளவின் பெயரும் இருக்கும். அரசினர் பதிவிலே 'யாழ்ப்பாணம்' என்ற ஒற்றைச் சொல்லே இருக்கக்கூடும். வளவின் பெயர் தெரிந்தால் பதிவகத்தில் எந்த ஏட்டைத் திறப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.