ஊசி அறிந்து வாங்குக



"பெரியவர்கள் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளை மறுபடியும் கேட்க ஆசை, புதிய ரெக்கார்டு பிளேயருக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் நல்லது?" என மோகனூர்க் குடும்பத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். கடைக்குச் செல்லுமுன் பரண்மேல் உள்ள தட்டுகளை இறக்கிப் பாருங்கள் என்பதே நம் மறுமொழி.

கார்ட்ரிட்ஜ் என்பது தட்டின்மேல் நகரும் கையின் நுனியில் பொருத்தப்பெறும் சிறு கூடு. அதன் வைர ஊசி தட்டின் வரிகளில் ஓடும்போது உண்டாகும் அதிர்வை அது மின்னலையாக மாற்றுகிறது. வரிக்கேற்ற ஊசி அமையாவிடில் பாட்டும் கெடும், தட்டும் கெடும்.

நம்மூருக்கு மேலே, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் முதன்முதலில் வீடுகளுக்கு வந்தது நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ பாடல்களும் அவ்வகையினவே. இவற்றின் வரி அகலமானது. ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும். பின்வந்த எல்.பி. தட்டுகளுக்கோ 18 மைக்ரான் போதும். மெல்லிய ஊசி அரக்குத் தட்டில் வரியின் அடிமட்டத்தைச் சுரண்டி இரைச்சலை எழுப்பும். பருத்த ஊசி எல்.பி. வரிக்குள் இறங்காமல் அதன் விளிம்பைச் சிதைக்கும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் இரும்பு ஊசியை எல்.பி. தட்டின் அருகிலும் கொண்டுசெல்லலாகாது!

இருவகைத் தட்டுகளும் உள்ள வீட்டிற்கு, ஊசியை மட்டும் கழற்றி மாற்றத்தக்க காந்தவகைக் கார்ட்ரிட்ஜே உகந்தது. எடுத்துக்காட்டாக, ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் ஒரே கூட்டில் எல்.பி.க்கு ‘ஈ’ ஊசியையும், 78க்கு ‘எஸ்.பி.’ ஊசியையும் பொருத்தலாம். முன்னதற்கு 2 கிராம் அழுத்தம், பின்னதற்கு 5 கிராம். ஆதலால் ஊசியை மாற்றும்போதெல்லாம் கையின் பின்புற எடையையும் திருகிச் சரிசெய்தல் வேண்டும். புதிய பிளேயர்கள் பலவற்றில் 78 வேகமே இல்லை. இதை வாங்குமுன் கேட்டறிக. காந்தவகை தரும் மின்னலை 4 மில்லிவோல்ட் அளவே. ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்ற இணைப்பு இல்லையேல் தனி முன்பெருக்கி தேவைப்படும்.

பெட்டி வடிவில் மலிவாக விற்கப்படும் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜே உண்டு. அதன் ஊசி தட்டை அதிகமாக அழுத்துவது. குழந்தைகளின் விளையாட்டுக்கு ஆகலாம். பாட்டனார் வைத்துச்சென்ற தட்டுகளுக்கு ஆகாது. மிக உயர்ந்த விலையுள்ள சுருள்வகையும் நம்மனோர்க்கு வேண்டுவதில்லை. அதன் ஊசி தேய்ந்தால் கூட்டையே மாற்றவேண்டும்.

தேய்ந்த ஊசி உளிபோல வரியைச் செதுக்கும். முதலில் உச்சஸ்தாயி மறையும். பழைய நாடகத் தட்டுகள் பல வேறு வடிவில் வெளிவந்ததேயில்லை. அவற்றில் அழிந்த குரலை எங்கே போய் வாங்குவது? மேற்சொன்ன ‘ஈ’ ஊசியின் ஆயுள் 300 மணி நேரம். நாள்தோறும் 40 நிமிட எல்.பி. ஒன்று கேட்கும் இல்லத்தில் அது 450 நாட்களில் தீர்ந்துவிடும். ஊசி பொருத்திய தேதியைப் பிளேயரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைக்கவும்.