செப்புக் குழாயில் ஓர் ஆணி

அயல்நாடு சென்று வாழும் நம் பிள்ளைகளின் இல்லங்களைக் குறித்து எழுதத் தொடங்கினால், பளிங்குக் கூடங்களையும் பனி படர்ந்த சாலைகளையும் எதிர்பார்க்கும் வாசக அன்பர்கள் உண்டு. நாம் இத்திங்கள் எழுதப்போவது ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றி.

2019 ஆம் ஆண்டு சனவரியில், வட இங்கிலாந்தில் நம் தங்கை மகன் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். 1930களில் எழுந்த செங்கல் வீடு. மாடியில் மரப்பலகைத் தரை. ஒரு நாள் காலை சமையலறையின் உட்கூரையில் நாணய அளவில் ஈரக்கறை ஒன்று கண்டோம். மாலைக்குள் அது தாம்பாளம் அளவுக்குப் படர்ந்துவிட்டது. "மழை ஒழுக்காக இருக்கும், மாமா" என்றான் மருமகன். அன்று மழையே இல்லை.

மேலே பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. முன்பு அங்கு வாழ்ந்த எவரோ, கிரீச்சிடும் பலகையை அடக்க நீண்ட ஆணி அடித்திருக்கிறார். அது அடியில் ஓடும் செப்புக் குழாயைத் துளைத்து, தானே அத்துளைக்கு அடைப்பாகவும் இருந்துவிட்டது. இரும்பும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது இரும்பே. ஆண்டுகள் பல சென்று, ஆணி துருவேறி மெலிந்ததும் நீர் கசியத் தொடங்கியது.

"ஆணியைப் பிடுங்கிவிடட்டுமா?" என்றான். நாமும் 'பிடுங்கு' என்றுதான் சொல்லியிருப்போம். தொலைபேசியில் இருந்த முதிய குழாய்ப் பணியாளர் பதறித் தடுத்தார். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு ஆணியைத் தொடுங்கள் என்றார். அடுக்களைத் தொட்டியின் கீழிருந்த தலைமை அடைப்பானோ பல ஆண்டுகள் திருகப்படாமல் இறுகிக் கிடந்தது. வலிந்து திருகினால் அதுவே முறிந்துவிடுமாம். எண்ணெய் இட்டு, இப்புறம் சிறிது அப்புறம் சிறிதாக அசைத்து, அரைமணி நேரத்தில் மூடினோம். அதுவும் மறுத்திருந்தால், நடைபாதையில் சிறு இரும்பு மூடியின் கீழுள்ள தெரு அடைப்பானைத்தான் தேட வேண்டும். சில வரிசை வீடுகளில் அது அண்டை வீட்டாருக்கும் பொதுவானது. சொல்லாமல் மூடுவது முறையன்று. அதன்பின் வீட்டின் தாழ்ந்த குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடித்தோம்.

மருமகனுக்குத் தீ ஊதும் விளக்கால் பற்றாசு வைத்து ஒட்டும் ஆசை இருந்தது. மறுநாள் வந்த பணியாளர் அதை ஒப்பவில்லை. பலகைகளுக்கு அடியில் தொண்ணூறு ஆண்டு மரத்தூளும் தூசியும் உலர்ந்து கிடக்கும் இடத்தில் தீயை எடுத்துச் செல்வதாவது! மேலும், குழாயில் சொட்டு நீர் இருந்தாலும் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. பற்றாசு உருக ஏறத்தாழ 200 பாகையாவது வேண்டும். இதற்காக ரொட்டித் துண்டைக் குழாய்க்குள் திணித்து நீரைத் தடுக்கும் பழைய தந்திரம் ஒன்று உண்டென்றும், ரொட்டி பின்பு கரைந்து வெளியேறிவிடும் என்றும் அவர் சொல்ல, நாம் சிரித்தோம்.

மருமகன் வாங்கி வைத்திருந்த நெகிழி இணைப்பையும் அவர் ஒதுக்கினார். பச்சை மஞ்சள் கம்பி ஒன்று குழாயோடு கவ்வப்பட்டிருந்ததைக் காட்டினார். பழைய வீடுகளில் மின்சாரத்தின் நிலத்தொடர்பு குழாய் வழியாகவும் செல்வதுண்டு. நடுவில் நெகிழியை நுழைத்தால் அத்தொடர்பு அறுந்து, உயிருக்கே கேடாகலாம். வெட்டுவதற்கு முன்பே, வெட்டும் இடத்தின் இருபுறமும் தடித்த கம்பி ஒன்றைப் பிணைத்துக்கொண்டார். பிறகு சுற்றி வெட்டும் கருவியால் பழுதான துண்டை அகற்றி, விளிம்பின் பிசிறை நீக்கி, புதுச் செப்புத் துண்டை இருபுறமும் பித்தளை வளையமும் மரையும் கொண்ட இணைப்புகளால் பொருத்தினார். பழைய அரை அங்குலக் குழாய்க்கு இக்காலத்து 15 மில்லிமீட்டர் இணைப்பு பொருந்தும். முக்கால் அங்குலத்துக்கு 22 அப்படியே பொருந்தாது. இதை அறியாமல் கடைக்கு இருமுறை நடந்தவர்கள் பலர் என்றார்.

அடைப்பானைத் திறக்கக் கீழே இறங்கியவர் அங்கேயே குனிந்து நின்றார். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் குழாய் செம்பாக இல்லை; சாம்பல் நிறத்தில் இருந்தது. நாணயத்தால் சுரண்டினார். வெள்ளிபோல் மின்னியது. காரீயம்!

நம் வீடுகளில் ரசம் கொதிக்கும் ஈயச் செம்பு வெள்ளீயம்; அதனால் இத்தீங்கு இல்லை. காரீயமோ நஞ்சு. பெரியவரைக் காட்டிலும் சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது மிகுதியாகத் தாக்கும். இங்கிலாந்தில் 1970க்கு முன் எழுந்த வீடுகளில் இக்குழாய்கள் இருக்கக்கூடும். பழைய செப்புக் குழாய்களின் பற்றாசிலும் காரீயம் கலந்திருந்தது. அதனைக் குடிநீர்க் குழாய்களுக்கு 1980களின் பிற்பகுதியில் தடை செய்தனர். அவன் மனைவியின் கையில் ஆறு மாதக் குழந்தை. "நான் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே பால் கலக்கிறேன்" என்றாள் அவள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. அவள் குரல் அடங்கிவிட்டது. கூரைக்கறையை அன்று எவரும் பிறகு நினைக்கவில்லை.

குழந்தைக்கு அன்றே புட்டித் தண்ணீர் வாங்கினர். மற்றவர்கள், இரவெல்லாம் குழாயில் தங்கிய நீரைக் காலையில் ஓடவிட்டபின்பே பருகினோம். மனை எல்லைக்கு உட்பட்ட குழாய் உரிமையாளர் பொறுப்பு, வெளியே உள்ளது நீர் நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், மருமகன் அன்றிரவே அவர்களுக்கு மடல் எழுதினான். அக்கோடையில் தெருவரை குழாய் மாற்றப்பட்டது.

மாடிப் பலகையை ஒரு நாள் திறந்தே வைத்து, இணைப்பின் கீழ் உலர்ந்த காகிதம் விரித்துப் பார்த்தோம். நனையவில்லை. மீண்டும் மூடியபோது, ஆணிக்குப் பதில் குறுகிய திருகுகள் இட்டான். பலகையின்மேல் பென்சிலால் 'அடியில் குழாய்' என்று தமிழில் எழுதினான். அடுத்து அங்குக் குடிவருவோர் அதை எப்படிப் படிப்பர் என்று கேட்டோம். பென்சிலை மறுபடியும் எடுத்து, ஆங்கிலத்திலும் எழுதினான்.